உள்ளே விட்ட தண்ணி எங்கே போகும்?

"ஏண்டா தம்பி, உள்ள தண்ணிய விட்டுத்தான் ஆபரேஷன் பண்ணுவாங்களாம். அந்தத் தண்ணியெல்லாம் எங்க போகும்?"

மதுரையில் டாக்டரைப் பார்த்துவிட்டு வட்டக்கானல் திரும்பும்போது பஸ்ஸில் அக்கா கேட்டது. அக்காவுக்குக் கருப்பையின் உள்பக்கம் ஒரு நார்க்கட்டி. ஒரு வருஷமாக ஓயாத உதிரப்போக்கு. வயிற்றைக் கிழிக்காமல், கேமரா பொருத்திய குழாயைக் கருப்பை வாய் வழியாக விட்டுக் கட்டியைச் சீவி எடுக்கலாம் என்றார் டாக்டர். ஹிஸ்டெரோஸ்கோப்பி. அக்கா கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அதற்காகப் படித்ததுதான் இந்தக் குறிப்பு.

கருப்பை என்பது காலிப் பை மாதிரி, சுவர்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். திரவத்தால் விரித்தால்தான் கேமராவுக்கு எதுவும் தெரியும். ஆனால் கட்டியை வெட்டும்போது சிரைகள் திறந்துகொள்கின்றன. சிரைக்குள் அழுத்தம் குறைவு, வெளியே திரவத்தின் அழுத்தம் அதிகம். திரவம் நேராக ரத்தத்துக்குள் போய்விடும். கொஞ்சம் கருக்குழாய் வழியாக வயிற்றுக்குள்ளும் போகும்.

அழுத்தம் எங்கிருந்து வருகிறது? எங்கள் வீட்டுக்கு மேலே இருக்கிற ஊற்றிலிருந்து கறுப்பு ஓஸ் வழியாகத்தான் தண்ணீர். மோட்டார் கிடையாது, உயரம்தான் எல்லாம். மேல் வீட்டில் சொட்டுகிற அதே தண்ணீர் கீழ் வீட்டில் ஓஸைப் பிடுங்கிக்கொண்டு அடிக்கும். ஆபரேஷன் தியேட்டரிலும் அதே சங்கதி. திரவப் பை கருப்பைக்கு 1 மீட்டர் மேலே தொங்கினால் சுமார் 74 மி.மீ. பாதரச அழுத்தம், ஒன்றரை மீட்டர் என்றால் 110. அக்காவின் ரத்த அழுத்தம் 110/70, அதன் சராசரி 83. கருப்பைக்குள் அழுத்தம் இந்தச் சராசரியைத் தாண்டாமல், பார்வை தெளிவாக இருக்கிற அளவுக்குக் குறைவாக வைப்பதுதான் முதல் தற்காப்பு. பம்ப் வைத்துச் செய்தாலும் இதே விதிதான்.

அடுத்தது, எந்தத் திரவம். பழைய மோனோபோலார் கருவி உப்புக் கரைசலில் வேலை செய்யாது, மின்சாரம் சிதறிவிடும். அதனால் உப்பில்லாத கிளைசின் கரைசல். அது ரத்தத்தில் கலந்தால் சோடியம் சரியும், மூளை வீங்கும். 1 லிட்டர் போனாலே சோடியம் ஏறக்குறைய 10 புள்ளி இறங்கலாம். மாதவிடாய் நிற்காத பெண்களின் மூளைக்கு இந்த வீக்கத்தைச் சமாளிக்கிற திறன் குறைவு என்பது நான் எதிர்பார்க்காத தகவல். பைபோலார் கருவி சாதாரண சலைனிலேயே ஓடும். அதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் உள்ளே போகலாம் என்றில்லை. சோடியம் தப்பிக்கும், ஆனால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

ஆகவே கணக்கு. உள்ளே விட்டதில் திரும்பி வந்ததைக் கழித்தால் மிச்சம் உடம்புக்குள். பிரிட்டன், ஐரோப்பிய மருத்துவச் சங்கங்களின் 2016 வழிகாட்டுதல்படி ஆரோக்கியமான பெண்ணுக்கு இந்த மிச்சம் கிளைசினில் 1000 மி.லி., சலைனில் 2500 மி.லி. தாண்டக்கூடாது. இதய நோயாளிக்கும் வயதானவருக்கும் இன்னும் குறைவு. கேட்க எளிது. ஆனால் தரையில் சிந்தியது, துணியில் ஊறியது, பையில் எழுதியிருப்பதைவிடக் கூடுதலாக இருப்பது எல்லாம் கணக்கைக் குழப்பும். இதற்கென்றே ஒருவர் நின்று அடிக்கடி அளவைச் சொல்ல வேண்டும் என்பதுதான் என் கண்ணுக்கு மிக முக்கியம்.

மருந்தும் உதவும். கருப்பை வாயில் நீர்த்த வாசோபிரஸின் ஊசி போட்டால் நாளங்கள் சுருங்கி உறிஞ்சுவது குறையும். ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும் என்பதால் மயக்க மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் போடுவார்கள். அக்காவுக்கு மாதவிடாயை நிறுத்திவைக்கப் போட்ட ஊசிகூட உறிஞ்சுவதைக் குறைக்கலாமாம். ரத்தம் ஊறத்தான் அது என்று நினைத்திருந்தேன்.

நேற்று டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டேன். பைபோலார், சலைன், கணக்குக்குத் தனியாக ஒரு நர்ஸ். எல்லையைத் தொட்டால் கட்டி பாதி இருந்தாலும் நிறுத்திவிடுவோம், மீதி இன்னொரு நாள் என்றார். அக்காவிடம் சொன்னேன்.

"அப்ப ரெண்டு தடவ மலை இறங்கணுமா?"

"இறங்குவோம்கா."

"பஸ்ல வாந்தி வருதுடா. கார் சொல்லிரு."