சூட்டைப் படம் பிடிக்கும் காமிரா: எந்த லென்ஸ் வாங்குவது?

ரிச்சர்ட்ஸ் டவுன் பூங்காவைச் சுற்றிக் காலையில் நடப்பவர்கள் மரங்களைப் பார்க்கிறார்கள், பூக்களைப் பார்க்கிறார்கள். தெருவோரக் கம்பங்களில் உட்கார்ந்திருக்கும் டிரான்ஸ்பார்மரை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. ஒரு போல்ட்டு தளர்ந்து, கம்பி சேரும் இடம் கொதித்துக் கொண்டிருந்தாலும், நம் கண்ணுக்கு அது வெறும் இரும்பாகத்தான் தெரியும்.

2022-ம் ஆண்டு மார்ச் மாதம் பெங்களூர் உள்ளாள் உபநகரை அடுத்த மங்கனஹள்ளியில் ஒரு டிரான்ஸ்பார்மர் வெடித்தது. அந்த வழியாக இரு சக்கர வண்டியில் வந்த தந்தையும் மகளும் உயிர் இழந்தார்கள். நகரமே அதிர்ந்தது. அதே ஆண்டில் மின்சார விநியோக நிறுவனமான பெஸ்காம், டிரான்ஸ்பார்மர்களைச் சோதித்துப் பழுது பார்க்கத் தனி இயக்கமே நடத்தியது.

மின் சாதனங்களில் சூடு ஏறுவதை முன்கூட்டியே காட்டிக் கொடுக்கும் கருவி ஒன்று உண்டு. அதுதான் தெர்மல் காமிரா. வெளிச்சத்தை அல்ல, வெப்பத்தைப் படம் பிடிக்கும் காமிரா. முன்பு ராணுவத்தில் மட்டும் இருந்தது, இன்று அடுக்கு மாடிக் கட்டிடங்களைப் பராமரிக்கும் எலக்ட்ரீஷியன் கைக்கும் வந்து விட்டது. ஆலையில் மோட்டார் பார்ப்பவர், இரவுக் காவலில் திரைக்கு முன் உட்காருபவர், கம்பெனியில் கொள்முதல் ஆர்டர் டைப் செய்யும் குமாஸ்தா என்று நம்மவர்கள் பலர் இதோடு பழக வேண்டியிருக்கிறது.

காமிரா என்ன விலை என்று எல்லோரும் கேட்கிறார்கள். என்ன லென்ஸ் என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் சூடான இடத்தைக் காட்டிக் கொடுப்பதும் லென்ஸ்தான். காட்டாமல் மறைத்து விடுவதும் லென்ஸ்தான்.

கண்ணாடிக்கு இங்கே வேலை இல்லை

கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர் உண்டு என்பதை 1800-ம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியல் அறிஞர் கண்டுபிடித்தார். சூரிய ஒளியை முப்பட்டைக் கண்ணாடியால் பிரித்து, சிவப்பு நிறத்துக்கு அப்பால் இருட்டாக இருந்த இடத்தில் தெர்மாமீட்டரை வைத்தார். அங்கேயும் சூடு ஏறியது.

நம் உடம்பு, அடுப்பு, மோட்டார் எல்லாமே இந்தக் கதிரை வெளியிடுகின்றன. ஆனால் சாதாரண வெப்ப நிலையில் உள்ள பொருள்களின் கதிர் கண்ணாடிக்குள் புகாது. ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் தெர்மல் காமிராவை வைத்தால் தெரு தெரியாது. கண்ணாடியின் சூடும், அதில் பிரதிபலிக்கும் அறையின் சூடும்தான் தெரியும். மீட்டர் பெட்டியின் பிளாஸ்டிக் மூடியும் அப்படியே.

ஆகவே இந்தக் காமிராவின் லென்ஸைப் பெரும்பாலும் ஜெர்மானியம் என்ற பொருளில் செய்கிறார்கள். இப்படி ஒரு தனிமம் இருந்தாக வேண்டும் என்று ரஷிய விஞ்ஞானி மெண்டலீவ் 1871-ல் முன்கூட்டியே சொன்னார். 1886-ல் ஜெர்மனியின் விங்க்ளர் அதைக் கண்டெடுத்தார். பார்வைக்கு அது எவர்சில்வர் மாதிரி பளபளக்கும். வெளிச்சம் அதில் நுழையாது. வெப்பக் கதிர் மட்டும் நுழையும். அதிலும் பூச்சு இல்லாத ஜெர்மானியத்தில் விழும் கதிரில் 100-க்கு 36 பங்கு முதல் பரப்பிலேயே திரும்பிப் போய் விடும். அதற்காகத்தான் லென்ஸின் மேல் மெல்லிய பூச்சு போடுகிறார்கள்.

ஜெர்மானியத்தை அதிகமாக உற்பத்தி செய்யும் நாடு சீனா. 2023 ஆகஸ்டு முதல் அதன் ஏற்றுமதிக்கு லைசென்ஸ் வேண்டும் என்று அந்த நாடு உத்தரவு போட்டது. அதன் பிறகு உலகச் சந்தையில் விலை ஏறியது. லென்ஸ் பெரிதாகப் பெரிதாக ஜெர்மானியமும் கூடுதலாக வேண்டும், விலையும் கூடும். தேவைக்கு மேல் பெரிய லென்ஸ் வாங்கினால் காசு வீண். தேவைக்குக் குறைந்து வாங்கினால், காமிராவே வீண்.

ஒரு வகுத்தல் கணக்கு

லென்ஸின் மேல் 10 மில்லி மீட்டர், 20 மில்லி மீட்டர், 40 மில்லி மீட்டர் என்று எழுதியிருக்கும். இது குவிய தூரம். இந்த எண் சிறிதாக இருந்தால் அகலமாகத் தெரியும். பெரிதாக இருந்தால் அகலம் குறையும். தூரத்தில் உள்ள பொருள் பெரிதாகத் தெரியும்.

காமிராவின் உள்ளே வெப்பத்தை உணரும் புள்ளிகள் வரிசையாக இருக்கின்றன. பிக்சல் என்பது இதுதான். ஒரு புள்ளியின் அளவு 12 மைக்ரான் அல்லது 17 மைக்ரான் என்று காமிராவின் விவரத் தாளில் இருக்கும்.

இப்போது கணக்கு: புள்ளியின் மைக்ரான் அளவை லென்ஸின் மில்லி மீட்டரால் வகுக்க வேண்டும். வரும் விடைதான், ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு புள்ளி எத்தனை மில்லி மீட்டர் இடத்தைப் பார்க்கிறது என்பது. அவ்வளவுதான். பேப்பரும் பென்சிலும் போதும்.

12 மைக்ரான் காமிராவில் 10 மில்லி மீட்டர் லென்ஸ் என்று வைத்துக் கொள்வோம். விடை 1.2. அதாவது ஒரு மீட்டரில் 1.2 மில்லி மீட்டர். 10 மீட்டரில் 12 மில்லி மீட்டர். ஒரு புள்ளியை மட்டும் நம்பி வெப்ப நிலையைச் சொல்ல முடியாது. நீளத்தில் மூன்று, அகலத்தில் மூன்று புள்ளிகளாவது சூடான பொருளின் மேலேயே விழ வேண்டும். ஆக, இந்தக் காமிரா 10 மீட்டரில் 36 மில்லி மீட்டருக்குக் குறையாத பொருளைத்தான் சரியாக அளக்கும்.

கம்பத்தின் மேல் கம்பியைப் பிடித்திருக்கும் கிளாம்ப் 25 மில்லி மீட்டர் அகலம் என்றால்? இந்த லென்ஸ் போதாது. 20 மில்லி மீட்டர் லென்ஸ் போட்டால் 36 என்பது 18 ஆகும். அது போதும்.

குடத்தில் விட்ட வெந்நீர்

போதாத லென்ஸில் படம் வராமல் போகாது. படம் வரும், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ஒரு குடம் பச்சைத் தண்ணீரில் ஒரு டம்ளர் வெந்நீரை விட்டால் என்ன ஆகும்? குடம் வெதுவெதுப்பாகும். வெந்நீர் எவ்வளவு கொதித்தது என்பது தெரியாமல் போய் விடும். காமிராவின் புள்ளிக்குள்ளும் இதுவே நடக்கிறது. சூடான கிளாம்ப் புள்ளியின் ஒரு பாகத்தில்தான் விழுகிறது. மற்றப் பாகத்தில் பின்னால் உள்ள வானம். மேகம் இல்லாத வானம் இந்தக் காமிராவுக்கு மிகவும் குளிர்ச்சியானது. இரண்டும் கலந்து, உண்மைச் சூட்டை விடக் குறைவான எண் திரையில் வருகிறது. பார்த்தவர் "பரவாயில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு விடுவார். கிளாம்ப் கொதித்துக் கொண்டே இருக்கும்.

அப்படியானால் எல்லா வேலைக்கும் பெரிய லென்ஸே வாங்கி விடலாமா? கடையில் இப்படித்தான் பேச்சு நடக்கும்:

"அண்ணே, 40 எம்.எம். வாங்கிட்டா கிட்டவும் பார்க்கலாம், தூரமும் பார்க்கலாம் இல்லையா?"

"தூரம் பார்க்கலாம் தம்பி. மீட்டர் ரூமுக்குள்ள போய் நின்னா போர்டுல கால்வாசி கூடத் தெரியாது."

கடைக்காரர் சொல்வது சரி. 320-க்கு 240 புள்ளி உள்ள அந்தக் காமிராவில் 40 மில்லி மீட்டர் லென்ஸ் போட்டால், ஒரு மீட்டரில் தெரியும் அகலம் 10 சென்டி மீட்டர் கூட இல்லை. அவ்வளவு கிட்டத்தில் போக்கஸ் ஆகாமலும் போகலாம். அதே இடத்தில் 10 மில்லி மீட்டர் லென்ஸ் 38 சென்டி மீட்டர் அகலம் காட்டும். இரண்டடி பின்னால் நகர்ந்தால் போர்டு முழுவதும் வந்து விடும். அடுக்கு மாடிக் கட்டிடத்தின் மீட்டர் அறைக்கு அகல லென்ஸ். தெருக் கம்பத்துக்கு நீள லென்ஸ். இரண்டும் வேண்டுமென்றால் லென்ஸ் மாற்றும் வசதி உள்ள காமிராதான் வாங்க வேண்டும்.

யானைக்கும் இதே கணக்கு

கோவையிலிருந்து பாலக்காடு போகும் ரயில் பாதை நம் வாசகர்கள் பலருக்குத் தெரியும். 2021 நவம்பர் 26-ந் தேதி இரவு, நவக்கரை அருகே தண்டவாளத்தைக் கடந்த மூன்று யானைகள் ரயிலில் அடிபட்டு இறந்தன. இதைப் போன்ற விபத்துகளைத் தடுக்க, மதுக்கரை வனப் பகுதியில் 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு வனத் துறை ஒரு கண்காணிப்பு ஏற்பாட்டைத் தொடங்கியது. செலவு 7 கோடியே 24 லட்சம் ரூபாய். 12 கோபுரங்களில் தெர்மல் காமிராக்கள். யானை பாதைக்கு அருகே வந்தால் கம்ப்யூட்டர் கண்டுகொண்டு எச்சரிக்கும்.

இருட்டில், புதருக்கு நடுவே வருவது யானையா, மாடா? இதற்கு ஒரு பழைய விதி இருக்கிறது. அமெரிக்க ராணுவ ஆய்வுக் கூடத்தில் இருந்த ஜான் ஜான்சன் 1958-ல் வகுத்த விதி. பொருளின் மேல் 2 புள்ளி விழுந்தால் 'ஏதோ இருக்கிறது' என்று தெரியும். 8 புள்ளி விழுந்தால் 'இன்ன வகை' என்று தெரியும். 13 புள்ளி விழுந்தால் 'இன்னதுதான்' என்று சொல்லலாம். அதுவும் பாதிக்குப் பாதி வாய்ப்புத்தான்.

இரண்டரை மீட்டர் உயர யானை 500 மீட்டரில் நிற்கிறது என்று வைத்து, நம் 12 மைக்ரான் காமிராவில் கணக்குப் போடுவோம். 10 மில்லி மீட்டர் லென்ஸில் யானையின் உயரத்துக்கு 4 புள்ளி. ஏதோ நிற்கிறது என்பதோடு சரி. 20 மில்லி மீட்டரில் 8 புள்ளி. 40 மில்லி மீட்டரில் 16 புள்ளி. யானை என்று சொல்லி விடலாம். ஆனால் 40 மில்லி மீட்டர் லென்ஸ் அந்தத் தூரத்தில் 48 மீட்டர் அகலத்தைத்தான் பார்க்கும். 10 மில்லி மீட்டர் லென்ஸ் 192 மீட்டரைப் பார்க்கும். பார்வை குறுகினால் காமிராக்களின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும்.

மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் வரும் ரயில் 500 மீட்டரை 30 விநாடியில் தாண்டி விடும். அந்த 30 விநாடியில் எத்தனை விநாடி டிரைவருக்குக் கிடைக்கும் என்பதை, வாங்கும்போது எழுதிய லென்ஸ் எண்ணும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

ஆர்டர் எழுதும்போது

கொள்முதல் பிரிவில் இருப்பவர்கள் 'தெர்மல் காமிரா - 1' என்று மட்டும் எழுதி அனுப்பக் கூடாது. பார்க்க வேண்டிய பொருளில் மிகச் சிறியது எது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று வேலை செய்பவரிடம் கேட்டு எழுத வேண்டும். பிறகு இவற்றைக் கேளுங்கள்:

புள்ளிகள் எத்தனை? திரையின் புள்ளிகளைச் சொல்லி விற்பவர்கள் உண்டு. உள்ளே உள்ள உணர் தகட்டின் புள்ளிகள்தான் கணக்கு. 'டிஜிட்டல் ஜூம்' லென்ஸ் ஆகாது. அது இருக்கும் புள்ளியையே ஊதிப் பெரிதாக்கிக் காட்டுவது.

எப்-எண் என்ன? இந்த எண் சிறிதாக இருந்தால் வெப்பக் கதிர் கூடுதலாக உள்ளே போகும். எப் 2 லென்ஸில் போவது, எப் 1 லென்ஸில் போவதில் கால் பங்குதான். விலை மலிவாக இருப்பதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

இந்த லென்ஸோடு சேர்த்து அளவு சரிபார்க்கப்பட்டதா? வேறு லென்ஸை வாங்கித் திருகினால் படம் வரலாம். டிகிரி தப்பாக வரும்.

வெயிலிலும் பனியிலும் போக்கஸ் மாறாமல் நிற்குமா? சூடு மாறும்போது ஜெர்மானியத்தின் குணமும் மாறும். வெளியில் நிரந்தரமாக வைக்கும் காமிராவுக்கு இது முக்கியம். அதற்குப் பெட்டி செய்தால் முன்பக்க ஜன்னலும் ஜெர்மானியம் போல வெப்பக் கதிர் நுழையும் பொருளாகத்தான் இருக்க வேண்டும். உள்ளூரில் கண்ணாடி வெட்டிப் பொருத்தினால் காமிரா குருடு.

எவ்வளவு நல்ல லென்ஸாக இருந்தாலும் பளபளக்கும் செம்பும் அலுமினியமும் ஏமாற்றும். தன் சூட்டைக் குறைவாக வெளியிட்டு, எதிரில் உள்ளதன் சூட்டைக் கண்ணாடி போல் திருப்பிக் காட்டும். மின்சாரத்தை நிறுத்தியிருக்கும்போதே அந்த இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி வைத்தால், பிறகு அளப்பது சரியாக இருக்கும். லென்ஸைச் சட்டைத் துணியால் துடைக்காதீர்கள். பூச்சு கீறிவிடும், லென்ஸின் பலமே அந்தப் பூச்சுதான்.

கடைசியாக ஒன்று. காமிரா காட்டியது என்பதற்காகத் தெரு டிரான்ஸ்பார்மரில் யாரும் கை வைக்கக் கூடாது. அது பெஸ்காம் ஊழியர்களின் வேலை. 1912 என்ற எண்ணுக்குப் போன் செய்து இடத்தைச் சொன்னால் போதும். கட்டிடத்துக்குள் என்றால், மெயின் சுவிட்சை அணைத்து விட்டு, தகுதியுள்ள எலக்ட்ரீஷியனைக் கொண்டு முடுக்குங்கள். பெரும்பாலும் செலவு ஒரு ஸ்பானர் திருப்பும் நேரம்தான். அந்த இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் சரியான லென்ஸ் வேண்டும்.