மறுசோறு கேட்க முடியாத நாட்கள்

செங்கல்பட்டு ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒரு மெஸ். பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்துப்போயிருக்கும். நாங்கள் யாரும் அதன் பெயரைச் சொன்னதும் இல்லை. 'மெஸ்ஸுக்குப் போலாமா' என்றால் அதுதான். அங்கே பரிமாறியவர் தென்மாவட்டத்துக்காரர், எங்கள் எல்லோருக்கும் அண்ணன். இலை போட்டுத் தண்ணீர் தெளிக்கும்போதே முகத்தைப் பார்ப்பார். வெயிலில் அலைந்து வந்திருக்கிறேன் என்று தெரிந்தால் சாம்பார் வாளியைத் தொட மாட்டார். "சார், இன்னைக்கு ரசத்துல ஆரம்பிங்க" என்பார். போதும் என்று இலைமேல் கையைக் குறுக்கே வைத்தால், கைக்குப் பக்கத்தில் இருக்கும் இடத்தில் ஒரு கரண்டி சோறு விழும். "அரை வயித்தோட எந்திரிக்காதீங்க சார்."

2020 மார்ச் 24 மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு வந்தது. அந்த நள்ளிரவு முதல் நாடு முழுவதும் கொரோனா ஊரடங்கு. அண்ணன் அதற்கு முந்தைய நாளே ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவருடைய போன் எண் என்னிடம் இல்லை. நான்கு வருடம் அவர் கையால் சாப்பிட்டிருக்கிறேன். எண் கேட்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

ஓட்டல்களில் பார்சல் மட்டும் என்றார்கள். சமைத்தவர் பழைய ஆள்தான், சாம்பாரும் அதே சாம்பார்தான். ஆனாலும் பார்சலைப் பிரித்து வைத்தால் ஏதோ ஒன்று குறைந்தது. பேப்பருக்குள் மடித்த வாழையிலையில் சோறு வெந்து குழைந்திருக்கும். அப்பளம் நமத்திருக்கும். நூல் சுற்றிய கவர்களில் சாம்பார், காரக்குழம்பு, ரசம், மோர் எல்லாம் அளந்து கட்டியிருக்கும். எனக்கு ரசம் மூன்று கை வேண்டும், காரக்குழம்பு அரைக் கரண்டி போதும். அது கவருக்குத் தெரியாது. தமிழ்நாட்டு மெஸ் சாப்பாட்டின் உயிரே அதன் அளவின்மையில் இருக்கிறது. ஒரு விலை கொடுத்து உட்கார்ந்துவிட்டால், எவ்வளவு என்பதை வயிறும் பரிமாறுகிறவரும் பேசி முடிவுசெய்கிறார்கள். அந்தப் பேச்சைப் பார்சல் கட்ட முடியவில்லை.

எனக்காவது வீட்டில் அடுப்பு இருந்தது. மறைமலைநகரிலும் மகேந்திரா சிட்டி பக்கத்திலும் ஓர் அறைக்கு நாலு பேர் என்று தங்கி ஷிப்ட் வேலைக்குப் போன பையன்களுக்கு மெஸ்தான் சமையலறை. அறையில் அடுப்பு வைக்க வீட்டுக்காரர்கள் விடுவதில்லை. கடை மூடியிருந்த நாட்களில் அவர்கள் பிஸ்கட்டும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். ஓட்டல் சாப்பாட்டை ஆடம்பரம் என்று பேசுகிறவர்கள் அந்த அறைகளை நினைத்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் அலுவலகத்துக்கு வருகிறேன். காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தது 2019 நவம்பர் 29-ல். புது மாவட்டம், புது மேசைகள், பல ஊர்களிலிருந்து மாற்றலாகி வந்த ஆட்கள். ஒருவரையொருவர் பெயரால் தெரிந்துகொள்ளும் முன்பே குழம்பால் தெரிந்துகொண்டோம். மதியம் ஒன்றரைக்கு நாலு மேசையை ஒட்டிப் போட்டு, அதன்மேல் தினசரித்தாளை விரிப்போம். திருக்கழுக்குன்றத்து அக்காவின் டப்பாவில் எண்ணெய் மிதக்கும் கத்தரிக்காய்க் காரக்குழம்பு. மதுராந்தகத்துக்காரருக்குத் தை மாதம் முழுக்க மொச்சை. சதுரங்கப்பட்டினத்திலிருந்து வருகிற தம்பி நெத்திலிக் கருவாட்டுத் தொக்கைத் தனி டப்பாவில் கொண்டுவருவான். அதன் மூடியை முதலில் திறக்கக் கூடாது என்பது சட்டம், மணத்தில் மற்றதெல்லாம் அமுங்கிவிடும். என் டப்பாவில் பெரும்பாலும் எலுமிச்சைச் சோறு. அதை யாராவது எடுத்துக்கொள்வார்கள், நான் ஊரையெல்லாம் சாப்பிடுவேன். யாருடைய அம்மா உப்பைக் குறைத்துவிட்டார், யார் வீட்டில் சண்டை, யாருடைய மனைவி பிறந்த வீட்டுக்குப் போயிருக்கிறார் என்பது டப்பாவைத் திறந்தால் தெரியும்.

2020 மே 18 முதல் அரசு அலுவலகங்கள் பாதி ஊழியர்களோடு இயங்கின. முதல் இரண்டு நாள் ஒரு பிரிவு, அடுத்த இரண்டு நாள் மறு பிரிவு, சனிக்கிழமையும் வேலை. காரக்குழம்பு ஒரு பிரிவுக்கும் கருவாடு இன்னொரு பிரிவுக்கும் போய்விட்டன. வந்திருந்தவர்களும் அவரவர் இடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டோம். ஒருநாள் அக்கா பழக்கத்தில் டப்பாவை எடுத்துக்கொண்டு என் மேசைவரை வந்துவிட்டார். கரண்டி பாதி வழியில் நின்றது. "வேணாம்ப்பா, உங்க வீட்ல பெரியவங்க இருக்காங்க" என்று திரும்பிப் போனார். என் அம்மாவுக்கு அப்போது 71 வயது. அக்கா செய்தது சரி. அந்த எலுமிச்சைச் சோறு அன்று எனக்கு இறங்கவில்லை.

கைப்பக்குவம், கைமணம் என்று நம் மொழியில் ருசியைக் கையில் வைத்தவர்கள் நாம். அந்தக் கையையே பயத்தோடு பார்க்க வேண்டியிருந்தது. அவித்த சோற்றால் நோய் பரவியதில்லை. நெருங்கி உட்கார்ந்து, முகக்கவசத்தைக் கழற்றி, பேசிச் சிரித்துச் சாப்பிட்டதுதான் ஆபத்து. அதாவது சாப்பாட்டில் நாங்கள் விரும்பிய பாதி.

மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை குடும்பத்தோடு மாமல்லபுரம் போவது எங்கள் வழக்கம். ஒத்தவாடைத் தெருவில் ஓட்டல் வாசலில் தட்டில் மீனை அடுக்கிக் காட்டுவார்கள்: சங்கரா, வஞ்சிரம், நண்டு, இறால். கைகாட்டினால் மசாலா தடவி வறுபட்டு வரும். மொட்டைமாடியில் உட்கார்ந்தால் அலைச்சத்தம் கேட்கும். கடற்கரைக் கோயில் உட்பட அங்குள்ள சின்னங்கள் 2020 மார்ச்சில் மூடப்பட்டு டிசம்பரில்தான் திறந்தன. வெளிநாட்டுப் பயணிகளுக்கான விசாவோ மார்ச் 13 முதலே நிறுத்தம். வழக்கமான விமானங்களில் அவர்கள் மறுபடி வர 2021 நவம்பர் ஆயிற்று. மார்கழி, தை மாதங்களில் வருகிற அவர்களை நம்பி வருடம் ஓட்டுகிற தெரு அது. இரண்டு சீசன் போயிற்று. கடலுக்குப் போகவும் முதலில் தடை. ஏப்ரல் 10-ல் மத்திய அரசு மீன்பிடிக்கு விலக்கு தந்தது, ஐந்தே நாளில் விசைப்படகுகளுக்கு வருடாந்திரத் தடைக்காலம் தொடங்கியது. அந்த வருடம் 61 நாளை 47 நாளாகக் குறைத்தார்கள். பைபர் படகுகள் கொண்டுவந்த மீனைக் கரையிலேயே வாங்கி வந்து வீட்டில் வறுத்தேன். மீன் நன்றாக இருந்தது. பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு, "கடல் எப்பப்பா போவோம்" என்று கேட்டார்கள்.

2021 மே மாதம் எனக்கே தொற்று. மணமும் ருசியும் போவதை இந்திய சுகாதார அமைச்சகம் அறிகுறிப் பட்டியலில் சேர்த்து ஒரு வருடம் ஆகப்போகிற நேரம். நாக்குக்குத் தெரிவது புளிப்பு, உப்பு, கசப்பு என்று சிலதான். மிளகும் சீரகமும் பூண்டும் தொண்டையின் பின்வழியே மூக்குக்கு ஏறினால்தான் ரசம் ரசமாகும். வைரஸ் மூக்கின் மேற்புறத்தில் மண உணர்வு நரம்புகளைத் தாங்கும் செல்களைத் தாக்குகிறது என்கிறார்கள். அம்மா கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போன ரசம் வெறும் புளித்த வெந்நீராக இருந்தது. பதினாறு நாள். பதினேழாவது நாள் காலையில் பக்கத்து வீட்டுத் தாளிப்பு வந்தது: கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை. கட்டிலில் எழுந்து உட்கார்ந்து அழுதேன்.

ஜூலை 5, திங்கட்கிழமை, பாதி இருக்கைகளோடு ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட மீண்டும் அனுமதி வந்தது. பன்னிரண்டரைக்கே மெஸ்ஸுக்குப் போய்விட்டேன். ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலியில் சிவப்பு டேப்பால் பெருக்கல் குறி ஒட்டியிருந்தார்கள். அண்ணனைக் கேட்டேன். அவர் ஊரிலேயே தங்கிவிட்டார், பெட்டிக்கடை வைத்திருக்கிறாராம். கல்லாவில் இருந்தவருக்கும் அதற்கு மேல் விவரம் தெரியவில்லை.

இலை போட்டது புதுப் பையன், இருபது வயது இருக்கும். கையுறையோடு கரண்டியைப் பிடிக்கத் தடுமாறினான். சோறு வைத்தான், சாம்பார் ஊற்றினான், ரசம் ஊற்றினான். பிறகு வாளியோடு சற்றுத் தள்ளி நின்றான். கேட்கலாமா, நெருங்கலாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. நான் இலையை அவன் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தினேன்.

"தம்பி, இன்னும் கொஞ்சம் சோறு போடு."