அட்டையில் ஐந்து லட்சம், பேக்கேஜில் எவ்வளவு?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்காக யுனைடெட் இந்தியா நிறுவனத்துடன் தமிழக அரசு 2022 ஜனவரி 11-ல் தொடங்கிய ஐந்தாண்டு ஒப்பந்தம், 2027 ஜனவரி 10-ம் தேதியோடு முடிகிறது. அட்டையும் அன்றோடு செல்லாமல் போய்விடுமா என்று கேட்டு எழுதுகிறார்கள் வாசகர்கள். முடியப்போவது அரசுக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம். 2012-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் ஒப்பந்தம் முடிவதும் புதிதாகப் போடுவதும் முன்பும் நடந்திருக்கிறது. அட்டைக்காரர்கள் பதற வேண்டியதில்லை.

கடிதங்களில் இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. “அட்டையில் 5 லட்சம் இருக்கிறது. மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் போனால், பேக்கேஜ் போக மீதியை நீங்கள் கட்டுங்கள் என்கிறார்கள். அந்த 5 லட்சம் எங்கே போனது?”

முதலில் அந்த 5 லட்சம். அது ஒரு குடும்பம் முழுவதற்கும் சேர்த்து ஓராண்டுக்கான உச்சவரம்பு. யார் கணக்கிலும் அந்தப் பணம் கிடப்பதில்லை. அதிலும் முதல் 1 லட்சம் ரூபாய் வரைதான் காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பு. அதற்கு மேலான தொகையை அரசு நேரடியாக ஏற்கிறது. ‘5 லட்சம் காப்பீடு’ என்று விளம்பரப் பலகை சொல்வதில் உண்மையான காப்பீடு முதல் லட்சத்தோடு நின்றுவிடுகிறது. ‘கட்டணமில்லா சிகிச்சை’ என்பதையும் இப்படித்தான் படிக்க வேண்டும்: பட்டியலில் உள்ள மருத்துவமனையில், பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, உள்நோயாளியாகச் சேர்ந்து, முன் அனுமதி கிடைத்தால் கட்டணமில்லை.

மருத்துவமனையைப் பொறுத்தவரை 5 லட்சம் என்ற எண்ணுக்கு வேலையே இல்லை. அவர்கள் பார்ப்பது பேக்கேஜ் தொகை. ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரே விலை முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கிறது. படுக்கை, மருந்து, பரிசோதனை, மயக்க மருந்து நிபுணர், உள்ளே பொருத்தும் கருவி எல்லாம் அதற்குள் அடக்கம். கல்யாணச் சமையலை இலைக்கு இவ்வளவு என்று பேசி விடுவது போலத்தான். எத்தனை முறை சாம்பார் ஊற்றினாலும் இலையின் விலை மாறாது. குறைவாக ஊற்றினால் மிச்சம் சமையல்காரருக்கு.

இந்தப் பேக்கேஜ் முறையைக் கண்டுபிடித்தவர்கள் முட்டாள்கள் அல்ல. ஒவ்வொரு ஊசிக்கும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் தனித்தனியாகப் பில் போட விட்டால் பில் வளர்ந்துகொண்டே போகும். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் ஃபெட்டரும் ஜான் தாம்சனும் நோயாளிகளை நோயின் வகைப்படி தொகுதிகளாகப் பிரிக்கும் முறையை உருவாக்கினார்கள். 1983-ல் முதியோருக்கான மெடிகேர் திட்டம் அந்தத் தொகுதிக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கத் தொடங்கியது. நோயாளிகள் ஆஸ்பத்திரியில் தங்கும் நாட்கள் குறைந்தன. கூடவே, உடல்நிலை சீராவதற்கு முன்பே வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களின் பங்கு கூடியது என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. செலவைக் குறைத்தால் லாபம் என்று ஆகிவிட்ட இடத்தில், எந்தச் செலவு குறைகிறது என்பதைப் பார்க்க யாராவது நின்றாக வேண்டும்.

இந்தியாவில் இந்தக் கோளாறு வேறு பக்கமாக வந்தது. 2008-ல் தொடங்கிய மத்திய அரசின் ராஷ்ட்ரிய ஸ்வாஸ்திய பீமா யோஜனா, ஏழைக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை சிகிச்சை தந்தது. விலை குறிக்கப்பட்ட அறுவைகளில் கர்ப்பப்பை நீக்கமும் ஒன்று. பீகாரின் சமஸ்திபூரிலும் சத்தீஸ்கரிலும் தேவையே இல்லாமல் பெண்களின் கர்ப்பப்பைகள் அகற்றப்பட்டதாக 2012 வாக்கில் புகார்கள் வெடித்தன. இது தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில்தான் மாநிலங்களுக்கு வழிகாட்டு நெறிமுறைகளை அமலாக்க உத்தரவிட்டது. பதினோரு ஆண்டுகள். அறுவை செய்யப்பட்ட பெண்களுக்கு அந்தத் தீர்ப்பு எதைத் திருப்பித் தரும்?

கர்ப்பப்பைக்கு நடந்தது இதய ரத்தக்குழாய்க்கும் நடக்கலாம். 2024 நவம்பரில் அகமதாபாத் தனியார் மருத்துவமனை ஒன்று கிராமத்தில் முகாம் நடத்தி ஆட்களை அழைத்து வந்து ஆஞ்சியோபிளாஸ்டி செய்தது. இருவர் இறந்தார்கள். மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டப் பணத்துக்காகத் தேவையற்ற சிகிச்சை செய்யப்பட்டது என்பதுதான் அங்கு எழுந்த குற்றச்சாட்டு.

விலையை அதிகமாக வைத்தால் தேவையற்ற அறுவை. குறைவாக வைத்தால்? வாசகரின் மூட்டு மாற்றுக் கதை அங்கே வருகிறது. ஆயுஷ்மான் பாரத் 2018-ல் வெளியிட்ட முதல் பட்டியலில் சிசேரியனுக்கு 9,000 ரூபாய், முழங்கால் மூட்டு மாற்றத்துக்கு 80,000 ரூபாய். கட்டுப்படியாகாது என்று இந்திய மருத்துவச் சங்கம் அப்போதே எதிர்த்தது. பட்டியல் பிறகு திருத்தப்பட்டது. 1,393 ஆக இருந்த சிகிச்சைகளின் எண்ணிக்கையும் 2022-ல் 1,949 ஆனது. ஆனால் கட்டுப்படியாகாத விலை என்றால் மருத்துவமனைகள் செய்வது பெரும்பாலும் இரண்டு. சிக்கலான நோயாளியை “படுக்கை இல்லை” என்று அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு, சிக்கலில்லாதவரைச் சேர்த்துக்கொள்வது. அல்லது மீதியை நோயாளியிடமே வாங்குவது.

எப்படி வாங்குகிறார்கள் என்பதற்கு ஒரு வாசகர் நகல் அனுப்பியிருக்கிறார். அரைத் தாள். “உயர்தர இம்பிளான்ட் என் சொந்த விருப்பத்தின் பேரில் பொருத்தப்படுகிறது. கூடுதல் தொகைக்குத் திட்டம் பொறுப்பல்ல” என்று டைப் அடித்திருக்கிறது. கீழே அவருடைய அம்மாவின் இடது கைப் பெருவிரல் ரேகை. ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும் நாள் காலையில், படிக்கத் தெரியாதவரிடம் வாங்கிய விருப்பம் இது. பணம் கட்டிய ரசீதில் காப்பீட்டு எண்ணும் இல்லை, கருவியின் பெயரும் இல்லை. திட்டத்தில் வரும் சிகிச்சைக்கு நோயாளியிடம் தனியாகப் பணம் வாங்கக் கூடாது என்பது விதி. அந்தத் தாள் விதியைத் தாண்டுவதற்காக எழுதப்பட்டது.

குஜராத்தின் சிரஞ்சீவி திட்டம் இதில் ஒரு புத்திசாலித்தனத்தை முயன்று பார்த்தது. 2005-06-ல் தொடங்கிய அத்திட்டத்தில் தனியார் மகப்பேறு மருத்துவர்களுக்கு நூறு பிரசவங்களுக்குச் சேர்த்து ஒரே தொகை. அந்த நூறில் ஏழு சிசேரியன் இருக்கும் என்று முன்கூட்டியே கணக்கிட்டிருந்தார்கள். சுகப்பிரசவமானாலும் அறுவையானாலும் டாக்டருக்குக் கிடைப்பது ஒன்றே. தேவையில்லாமல் கத்தி எடுக்கக் காரணம் இல்லை. காகிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. ஆனால் 2014-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வந்த ஆய்வு, அரசு சொன்ன பெரிய பலன் எதையும் காணவில்லை. சிக்கலான பிரசவத்தை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டால் சராசரிக் கணக்கு மருத்துவருக்குத்தான் லாபம்.

தமிழகத்தில் அரசு மருத்துவமனைகளும் இதே காப்பீட்டில் கிளெய்ம் செய்கின்றன. டாக்டர் சம்பளம் பட்ஜெட்டில் வருவதால், கிளெய்ம் பணம் கருவிக்கும் மருந்துக்கும் ஊழியர் ஊக்கத்தொகைக்கும் கூடுதலாகக் கிடைக்கிறது. தனியாருக்குக் கட்டுப்படியாகாத விலை இவர்களுக்குக் கட்டுப்படியாவது இதனால்தான். அடுத்த ஒப்பந்தம் பேசும்போது அரசு ஒன்றையாவது செய்யட்டும்: ஒவ்வொரு மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்டரிலும் பேக்கேஜ் தொகையையும், அதில் என்னென்ன அடக்கம் என்பதையும் தமிழில் எழுதி ஒட்டச் சொல்லட்டும். ரேகை வைக்கும் முன் பக்கத்தில் நிற்கும் மகனாவது படிப்பான்.

மற்ற கேள்விகள்:

இத்தனை கோடிப் பேருக்கு அட்டை என்கிறார்களே, நம்பலாமா? ஆயுஷ்மான் பாரத் பதிவுகளில் ஏறக்குறைய 7.5 லட்சம் பேர் 9999999999 என்ற ஒரே செல்போன் எண்ணில் இருந்ததை 2023-ல் தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை எடுத்துக் காட்டியது.

வருமான வரம்பு? குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய், வி.ஏ.ஓ.விடம் சான்று வாங்க வேண்டும்.

புதிய அட்டை எங்கே? ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள்.

அரசு ஊழியர்கள்? அவர்களுக்குத் தனித் திட்டம்.

சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கு அட்டை உதவுமா? உதவாது, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்திலோ இலவசமாக வாங்கிக்கொள்ளலாம்.

கூடுதல் பணம் கேட்டால்? கட்டும் முன்பே 1800 425 3993-க்குப் போன் செய்யுங்கள். கட்டிவிட்டிருந்தால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு எழுத்தில் புகார் கொடுங்கள்.