பாசிக்குடா: ஒரு கரையோர விடுதியூரின் வரலாறு

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தொலைவில் உள்ள பாசிக்குடாவின் சிறப்பு, அதன் கடலின் அமைதியேயாகும். இங்கு கடல் ஆழங் குறைந்தது. முருகைக்கற்பார்கள் வெளியலைகளின் வேகத்தைத் தணிக்கின்றன. இவ்வமைதியே முன்னர் மீனவரின் தோணிகளுக்கும், பின்னர் நீராட வருவோருக்கும் இக்கரையை உகந்ததாக்கிற்று.

1966 இல் இலங்கை உல்லாசப் பயணச் சபை நிறுவப்பட்டதைத் தொடர்ந்து, கிழக்குக் கரையிலும் உல்லாசப் பயணத்துறை வளர்க்கப்பட்டது. பாசிக்குடாவிலும் அயலிலுள்ள கல்குடாவிலும் விடுதிகள் எழுந்தன. ஆயினும் இவ்வளர்ச்சி நிலைக்கவில்லை. 1978 நவம்பரில் வீசிய சூறாவளி மாவட்டத்தைச் சிதைத்தது. 1983 இன் பின் விரிந்த போர் விடுதிகளை வெறுமையாக்கியது. 2004 டிசெம்பர் 26 இல் எழுந்த ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கியது. 2009 இல் போர் முடிவுற்ற பின்னரே இது மீண்டும் விடுதி வலயமாயிற்று. 2011 முதல் புதிய விடுதிகள் திறக்கப்படலாயின.

விடுதிகளின் வரலாறு அரை நூற்றாண்டளவினதே; மீனவரின் தொடர்போ அதனினும் பழையது. விடுதிகள் நிரையாக எழுந்தபோது தோணி ஏற்றும் இடமும் கரைக்குச் செல்லும் வழியும் சுருங்கின என அவர்கள் முறையிட்டனர். ஆதலின், இவ்வூரின் வளர்ச்சியை விடுதி அறைகளின் தொகையால் மட்டும் அளத்தல் பொருந்தாது. தோணிக்கும் விடுதிக்கும் ஒருங்கே இடமளிக்கும் கரையே இவ்வூரை நிலைபெறச் செய்யும்.