ஹெரால்டு பானெட்டில் ஒடுக்கு எடுக்கும் வித்தை

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை நெடுஞ்சாலை ஓரத்தில் டிங்கரிங் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. அங்கே எப்போதாவது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்து நின்றுவிட்டால் டிங்கருக்கு அன்று பரீட்சைதான்.

ஹெரால்டு நம்மூர்க் கார். இதே ஜிஎஸ்டி சாலையில் வடக்கே இருக்கும் வண்டலூரில் 1961 முதல் தயாரானது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி; இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ஃப் ஹெரால்டு என்று வந்த வண்டி. மற்ற கார்களில் பானெட் வெறும் மூடி. இதிலோ இரண்டு மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்த முழு முகமும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து எஞ்சினைப் பார்க்கலாம். ஆனால் ஒரு மூலையில் இடி வாங்கினால் மொத்த முகமும் கோணிவிடும். கதவோரத்தில் ஒரு பக்கம் விரல் நுழையும், மறுபக்கம் உரசும். காரைத் தயாரித்த கம்பெனி மூடிப் பல காலமாகிவிட்டதால் புது பானெட் கிடைப்பது அரிது; இருப்பதைத்தான் தட்டி நிமிர்த்த வேண்டும்.

தகட்டின் தடிமன் சுமார் ஒரு மில்லிமீட்டர். உட்புறம் டாலி என்ற இரும்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு வெளியே சுத்தியலால் தட்டுவார்கள். டாலிக்கு நேர் மேலே அடித்தால் தகடு நடுவில் மாட்டி மெலிந்து விரியும். டாலியைச் சற்றுத் தள்ளிப் பிடித்து அடித்தால் மேடு இறங்கும், பள்ளம் ஏறும். பலமான அடி விழுந்த இடத்தில் தகடு ஏற்கெனவே விரிந்திருக்கும். அது அடங்க இடமில்லாமல் உப்பி நிற்கும். விரலால் அழுத்தினால் 'டப்' என்று உள்ளே போகும், விட்டால் வெளியே வரும். அதைச் சுத்தியலால் மிரட்டினால் இன்னும்தான் விரியும்.

இதற்கு மருந்து நெருப்பு. கேஸ் வெல்டிங் சுடரால் உப்பலின் உச்சியில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு மட்டும் சிவக்கக் காய்ச்சுவார்கள். சூடான இடம் விரியப் பார்க்கும். சுற்றியிருக்கும் குளிர்ந்த தகடு விடாது. பக்கவாட்டில் போக வழியின்றி அந்த இடம் தடிக்கும். லேசாகத் தட்டி, ஈரத்துணியை ஒற்றினால் சட்டென்று சுருங்கிச் சுற்றியுள்ள தகட்டையும் இழுத்துக்கொள்ளும். சூட்டைக் கொஞ்சம் அகலமாகக் காட்டிவிட்டாலோ பானெட் முழுக்க நெளியும். கைதேர்ந்தவர் யார் என்பது என்னைக் கேட்டால் இந்த ஒரு வேலையிலேயே தெரிந்துவிடும். முடித்தபின் அரம் ஓட்டிப் பார்ப்பார்கள்: மேடு பளபளக்கும், பள்ளம் கறுத்தே கிடக்கும்.

இத்தனை பாடு எதற்கு, பள்ளத்தை நிரப்பும் பட்டியை அப்பித் தேய்த்துவிடலாமே? அப்பலாம், செய்பவர்களும் உண்டு. தடிமனாக அப்பிய பட்டி வெடிக்கும். வெடிப்பில் ஈரம் இறங்கும். மரக்காணம் உப்பளப் பக்கத்துக் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பழைய கார் வாங்கப் போகிறவர் சட்டைப்பையில் ஒரு சிறு காந்தம் வைத்துக்கொள்வது நல்லது. பட்டி தடித்த இடத்தில் அது ஒட்டாது.

பானெட்டை வெட்டிக் காற்றுவாய் வைத்து ஸ்டைல் காட்டும் ஆசையும் சிலருக்கு உண்டு. அழகு அவரவர் ரசனை. ஆனால் 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 ஆண்டு கடந்து மூல வடிவம் மாறாத வண்டிகளுக்குத்தான் 'விஏ' எழுத்துகளோடு வின்டேஜ் பதிவு. 1970இல் வந்த ஹெரால்டுக்கும் இப்போது அந்த வயது ஆகிவிட்டது. கத்தரியை எடுக்கும் முன் உரிமையாளரிடம் இதைச் சொல்லிவிடுவது டிங்கருக்கும் நல்லது.