இளையராஜாவின் ‘திருவாசகம்’ (2005)

கங்கைகொண்ட சோழபுரத்தில் 2025 ஜூலை 27 அன்று, ராஜேந்திர சோழனின் ஆடித் திருவாதிரை விழா நிறைவில், இளையராஜா தம் குழுவினருடன் திருவாசகத்தை இசைத்தார். அவருடைய ‘திருவாசகம்’ இசைத்தொகுப்பு வெளிவந்தது 2005-இல். ‘அன்னக்கிளி’ (1976) தொடங்கி ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் திரையிசையில் உழைத்து, அறுபதைக் கடந்தபின் படைத்தது.

மாணிக்கவாசகரின் பாடல்களிலிருந்து ஆறு பகுதிகள். புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவின் வாசிப்பு. ‘பொல்லா வினையேன்’ பகுதியை அவசியம் கேளுங்கள். சுமார் 20 நிமிடம் நீள்கிறது. தமிழ் வரிகளோடு ஸ்டீபன் ஸ்வார்ட்ஸின் ஆங்கில வரிகளும் சேர்ந்துவர, புல்லிலிருந்து தேவர்வரை உயிர் எடுக்கும் பிறவிகளைச் சேர்ந்திசைக் குரல்களும் வயலின்களும் படிப்படியாக ஏற்றிச் செல்கின்றன. இதுபோன்ற நீளத்துக்காகவே 1970-களில் யெஸ், ஜெத்ரோ டல் போன்ற ‘புரோகிரஸிவ் ராக்’ குழுக்கள் இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே பாடலுக்குக் கொடுத்தன. திரைப்பாடலின் ஐந்து நிமிடம் தராத அந்த விரிவை இளையராஜா பக்தி இலக்கியத்தில் கண்டார். அவருடைய படைப்புகளில் மிகத் துணிச்சலானது இதுவே.

81 வயதில், 2025 மார்ச் 8 அன்று, ‘வேலியன்ட்’ சிம்பொனியை லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவுடன் அரங்கேற்றினார். கங்கைகொண்ட சோழபுரத்தில் திருவாசகத்தை இசைத்தது அதற்கு நான்கு மாதம் கழித்து.