தாத்தாவுக்கும் இடம் வேண்டும், பேத்திக்கும் இடம் வேண்டும்!

ராட்சத ராட்டினப் பூங்காக்களுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

(நமது புனே நிருபர்)

நான்கு விரல் கட்டை உயரம் குறைந்து போயிற்று. அவ்வளவுதான். ஆறு வயது மகள் அளவுக் கோலுக்குக் கீழே நிமிர்ந்து நின்றாள், குதிகாலைத் தூக்கினாள், தலைமுடியை மேலே இழுத்துப் பிடித்தாள். காவலுக்கு நின்ற பையன் சிரித்தானே தவிர, வழி விடவில்லை. "அடுத்த வருஷம் வா, பேட்டா" என்றான். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

எனக்கும் கோபம் வந்தது. ஐந்து பேருக்கு டிக்கெட் எடுத்திருந்தேன். மூன்று மாதம் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணம். "கூட நான் உட்காருகிறேனே, பிடித்துக் கொள்ள மாட்டேனா?" என்று வாதாட வாயைத் திறந்தேன். பின்னால் நின்ற என் தகப்பனார் தோளைத் தொட்டார். ரெயில்வேயில் கலாசியாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"சிவப்பு என்றால் சிவப்புதான். டிரைவருக்கு அவசரம் என்பதற்காக சிக்னல் இறங்குமா?" என்றார்.

நான் பேசாமல் திரும்பினேன். ஆனால் அந்த நாள் முழுவதும் மனதில் ஒரு கேள்வி ஓடிக்கொண்டே இருந்தது. குடும்பத்தோடு வாருங்கள் என்று விளம்பரம் செய்கிறார்கள். வந்தபின் குடும்பம் ஏன் மூன்றாகப் பிரிகிறது?

நான் போன பூங்காவின் பெயர் இங்கே வேண்டாம். இந்தக் குறை ஓர் இடத்துக்கு மட்டும் சொந்தமானது அல்ல.

காட் பகுதியில் ஓர் அதிசயம்

புனேயில் இருக்கும் நம்மவர்களுக்கு இந்த ராட்சதப் பூங்காக்கள் இப்போது எட்டாத தூரத்தில் இல்லை. மும்பைக்குப் போகும் வழியில், காட் இறங்கியதும் கோப்போலி. அங்கிருந்து பாலி போகும் சாலையில் இருக்கிறது 'இமாஜிகா' பூங்கா. திரைப்படத் துறையில் 'ஆட்லாப்ஸ்' நிறுவனத்தின் மூலம் பெயர் பெற்ற மன்மோகன் ஷெட்டி தொடங்கியது. 2013 ஏப்ரலில் திறக்கப்பட்டது. 2022-ல் மல்பானி குழுமத்தின் கைக்கு வந்தது.

இங்குள்ள 'நைட்ரோ' என்ற ரோலர் கோஸ்டர்தான் வாலிபர்களை இழுக்கும் காந்தம். சுவிட்சர்லாந்து நாட்டின் 'பொல்லிகர் அண்ட் மாபில்லார்டு' நிறுவனம் செய்து கொடுத்தது. உயரம் 132 அடி. வேகம் மணிக்கு 105 கிலோ மீட்டர். ஐந்து இடங்களில் ஆளைத் தலைகீழாகப் புரட்டிவிடும். வண்டிக்குத் தரை கிடையாது. கால்கள் அந்தரத்தில் தொங்கும்.

அதே பூங்காவில் வேறு வகையும் உண்டு. இருக்கையில் அமர்ந்தபடியே வானத்திலிருந்து இந்தியாவைப் பார்ப்பது போலக் காட்டும் 'ஐ ஃபார் இந்தியா', டைனோசர்களுக்கு நடுவே படகில் போகும் 'ராஜசாரஸ்' சவாரி என்று சில. நைட்ரோவைப் பார்த்து நடுங்குகிறவர்களுக்காக இவை.

நம் ஊர்ப் பக்கமும் சும்மா இல்லை. 1995-ல் தாம்பரம் அருகே கிஷ்கிந்தா திறந்தபோது அதுவே பெரிய அதிசயமாக இருந்தது. 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் 'வொண்டர்லா' திறக்கப்பட்டது. அதில் 'தஞ்சோரா' என்ற கோஸ்டர், தண்டவாளத்துக்குக் கீழே தொங்கியபடி ஓடுகிறது. அதைச் செய்ததும் அதே சுவிட்சர்லாந்து நிறுவனம்தான். லீவில் ஊருக்குப் போகும்போது பிள்ளைகள் அங்கே கூட்டிப் போகச் சொல்வார்கள். தயாராக இருக்க வேண்டியது பெற்றோர் பொறுப்பு.

நிலக்கரி வண்டியில் பிறந்த சவாரி

ரெயில்வேக்காரன் என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த விளையாட்டே ரெயிலில் பிறந்ததுதான்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் மாக் சங்க் என்ற மலை ஊர். 1827-ல் அங்கே மலை மேலிருந்து நிலக்கரியை இறக்க ஒரு தண்டவாளம் போட்டார்கள். வண்டி தன் பாரத்தாலேயே சரிவில் உருண்டு கீழே வரும். பிற்காலத்தில் நிலக்கரியைவிட அதில் ஏறி இறங்க வந்த வேடிக்கை மனிதர்கள் அதிகமாகிவிட்டார்கள்! அதைப் போன்ற ஒன்றைத்தான் 1884-ல் தாம்சன் என்பவர் நியூயார்க் அருகே கோனி தீவில் அமைத்தார். அதன் வேகம் மணிக்கு சுமார் 6 மைல். சைக்கிளில் போகிற பையன் முந்திவிடுவான். அதற்கே ஜனங்கள் வரிசையில் நின்றார்கள்.

இன்றைய கோஸ்டரிலும் எஞ்சின் கிடையாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பெரும்பாலானவற்றில் ஒரு சங்கிலி வண்டியை முதல் மேட்டின் உச்சிக்கு இழுத்துச் செல்லும். அதன்பின் எல்லாம் பூமியின் இழுப்புதான். ஏறும்போது 'டக், டக்' என்று சத்தம் கேட்கிறதே, அது வண்டி பின்னால் உருளாமல் பிடிக்கும் பல்லின் சத்தம். நம் போர் காட்டில், கர்ஜத்தில் பின்னால் கூடுதல் எஞ்சின் மாட்டி ரெயிலை மேலே தள்ளுவதைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும்.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. ஒரு பிளாக்கில் ஒரு ரெயில்தான் இருக்கலாம் என்பது நம் ரெயில்வே விதி. கோஸ்டரிலும் அதேதான். தடம் பல பிளாக்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். முன்னால் போன வண்டி வெளியேறாமல் பின்னால் வரும் வண்டி உள்ளே நுழையாது. பிரேக் தானாகப் பிடித்துவிடும்.

உயரக் கோல் ஏன்?

"வயதைக் கேட்காமல் உயரத்தை ஏன் அளக்கிறார்கள்?" என்று என் மகன் கேட்டான். நியாயமான கேள்வி.

ஆளைப் பிடித்து வைப்பது இருக்கையில் உள்ள இரும்புப் பூட்டு. தோள் மேல் இறங்கும் பூட்டு ஒரு வகை. மடி மேல் அழுத்தும் கம்பி இன்னொரு வகை. குறிப்பிட்ட உடல் அளவுக்கு ஏற்ப அது செய்யப்பட்டிருக்கிறது. சின்ன உடம்பாக இருந்தால் பூட்டுக்கும் உடம்புக்கும் இடையே சந்து விழும். வண்டி உச்சியிலிருந்து விழும்போது உடம்பு இருக்கையைவிட்டு எழும்பப் பார்க்கும். அந்த நேரத்தில் தகப்பன் கை எத்தனை பலமாக இருந்தாலும் போதாது. வளைவில் திரும்பும்போது கழுத்தின் மேல் பாரம் ஏறும். குழந்தையின் கழுத்துக்கு அதைத் தாங்கும் பலம் இல்லை.

இதய நோய், ரத்தக் கொதிப்பு, முதுகு வலி, கழுத்து வலி உள்ளவர்களையும் கர்ப்பிணிகளையும் ஏறாதீர்கள் என்று எழுதி வைப்பதும் இதனால்தான்.

விதியைத் தளர்த்தினால் என்ன ஆகும், பராமரிப்பு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு எட்டாத தூரத்தில் போய்ப் பார்க்க வேண்டாம். 2019 ஜூலையில் ஆமதாபாத் கங்காரியா ஏரிக்கரையில் ஊஞ்சல் போல ஆடும் ராட்டினம் ஒன்று முறிந்து விழுந்தது. இருவர் இறந்தனர். பலர் காயம் அடைந்தனர். அன்று முறிந்தது இரும்பு. அளவுக் கோலை மீறினால் இரும்பு முறியாமலேயே விபத்து வரும்.

ஆகவே தடிமனான செருப்பு மாட்டி விடுவது, காவல்காரன் கையில் பணம் திணிப்பது, "என் பிள்ளை பயப்பட மாட்டான்" என்று சண்டை போடுவது, இதெல்லாம் வேண்டாம். அன்று நானே அந்தத் தவறைச் செய்யப் பார்த்தவன். அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

பெஞ்சில் உட்கார்ந்த தகப்பன்

கோலைத் தாழ்த்த முடியாது. அப்படியானால் கோலுக்குக் கீழே நிற்கிறவர்களுக்கு என்ன வழி?

வால்ட் டிஸ்னியும் இதே நிலையில் இருந்தவர். தம் இரண்டு பெண்களை லாஸ் ஏஞ்சல்சில் ஒரு பூங்காவுக்கு அழைத்துச் செல்வாராம். பெண்கள் குதிரை ராட்டினத்தில் சுற்றுவார்கள். இவர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். பெற்றவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் இருக்கக் கூடாதா என்று அந்தப் பெஞ்சில்தான் யோசனை பிறந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். 1955 ஜூலையில் டிஸ்னிலேண்டு திறந்தது.

பெரிய பூங்காக்கள் கண்டுகொண்ட கணக்கு ஒன்று உண்டு. விளம்பரப் பலகையில் படம் போடப் பெரிய கோஸ்டர் வேண்டும். அதைப் பார்த்துத்தான் காலேஜ் மாணவன் வருகிறான். ஆனால் ஒரு குடும்பம் மறுபடி வருமா, வராதா என்பதை முடிவு செய்வது குடும்பத்தின் ஆகச் சின்னதும் ஆகப் பெரியதும். பாட்டிக்குக் கால் வலித்து, குழந்தை அழுது திரும்பினால் அடுத்த வருடம் அந்தப் பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள்.

அதனால் நடுத்தரச் சவாரிகள் வந்தன. குடும்பக் கோஸ்டர் என்று பெயர். தலைகீழாகப் புரட்டாது. வேகமும் பாதிதான். பெரியவர் பக்கத்தில் இருந்தால் சிறு பிள்ளையும் ஏறலாம். இமாஜிகாவிலேயே 'கோல்டு ரஷ் எக்ஸ்பிரஸ்' என்று நைட்ரோவுக்குத் தம்பி போல ஒன்று இருக்கிறது.

இன்னொரு நல்ல ஏற்பாடு, வெளிநாட்டுப் பூங்காக்களில் வழக்கமானது. தகப்பன் ஏறும்போது தாய் குழந்தையோடு வாசலில் இருப்பாள். அவன் இறங்கியதும், மறுபடி வரிசையில் நிற்காமல் தாய் ஏறலாம். செலவே இல்லாத ஏற்பாடு. ஒரு சீட்டுக் கொடுத்தால் போதும். இது நம் நாட்டில் எல்லாப் பூங்காவிலும் வர வேண்டும்.

அதற்காகப் பெரிய சவாரியே வேண்டாம் என்று சொல்லவில்லை. பிம்ப்ரியில் ஷிப்டு பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு வரும் இருபது வயதுப் பையனுக்கு நைட்ரோ வேண்டும். அவன் வயதுக்கு அது நியாயம். என் மகனோடு நானும் ஒரு கோஸ்டரில் ஏறினேன். இறங்கும்போது கால் நடுங்கியது. அவன் என் கையைப் பிடித்துக் கொண்டான். அதற்கு முன்பு பல மாதமாக அவன் அப்படிப் பிடித்ததில்லை. அந்த ஒரு நிமிடத்துக்குக் கொடுத்த பணம் வீணில்லை.

ஆனால் அந்த நேரத்தில் என் தகப்பனார் எங்கே இருந்தார்? நிழல் இல்லாத ஒரு சிமெண்டுத் திட்டில், எங்கள் நான்கு பேர் பைகளையும் செருப்புகளையும் காவல் காத்துக்கொண்டிருந்தார். காலை பதினொன்று முதல் மாலை நாலு வரை. அவருக்கும் முழு டிக்கெட்!

டிக்கெட் வாங்குமுன் கேளுங்கள்

நம்மவர்களுக்கு என் யோசனை இது:

1. பிள்ளைகளின் உயரத்தை வீட்டிலேயே சுவரில் அளந்து கொள்ளுங்கள். எந்தச் சவாரிக்கு எவ்வளவு உயரம் என்று போன் செய்து கேட்டுவிட்டு, ஏற முடியாததை முன்கூட்டியே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். வாசலில் போய் அழ வைக்காதீர்கள்.

2. குழந்தை டிக்கெட் வயதைப் பொறுத்ததா, உயரத்தைப் பொறுத்ததா? பல இடங்களில் உயரம்தான். முதியோருக்குச் சலுகை உண்டா என்றும் கேளுங்கள்.

3. ஐந்து பேரும் ஒன்றாக ஏறக்கூடியவை எத்தனை? மூன்றுக்குக் குறைந்தால் மறுபடி யோசியுங்கள்.

4. சாமான் வைக்க லாக்கர், உட்கார நிழல், குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா?

5. முதலில் எல்லோரும் சேர்ந்து ஏறக்கூடியதில் ஏறுங்கள். பெரியது பிறகு. சாப்பிட்ட உடனே வேண்டவே வேண்டாம்.

பூல்ராணி

திரும்பும்போது பஸ்சில் மகள் தாத்தா மடியில் படுத்துக் கொண்டாள். "தாத்தா, நீ ஒண்ணுலகூட ஏறலையே?" என்றாள்.

"உன் அப்பன் உன்னைவிடச் சின்னவனாக இருந்தபோது ஏறியிருக்கிறேன்" என்றார் அவர்.

எனக்கும் நினைவு வந்தது. சாரஸ்பாக் பக்கம் பேஷ்வே பார்க். அங்கே 1956-ல் ஓடத் தொடங்கிய 'பூல்ராணி' என்ற பொம்மை ரெயில். புனேயில் வளர்ந்த பிள்ளைகளில் அதில் ஏறாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மரங்களுக்கு நடுவே மெல்லப் போகும். உயரக் கோல் கிடையாது. அப்பா, அம்மா, நான், கைக்குழந்தையாக இருந்த என் தங்கை, எல்லோரும் ஒரே பெட்டியில். நாள் முழுதும் தண்டவாளத்திலேயே உழைக்கிற மனிதர், லீவு நாளிலும் தண்டவாளத்தில் ஏறி, குழந்தை போலச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இவ்வளவு இரும்பும் இவ்வளவு பணமும் கொட்டிப் பூங்கா கட்டுகிறவர்களை ஒன்றே ஒன்று கேட்கிறேன். 132 அடி உயரத்துக்குக் கட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் நிழலிலேயே தாத்தாவும் பேத்தியும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும்படி ஒரு பெட்டியும் ஓட விடுங்கள்.

மகள் இப்போது மாதம் ஒருமுறை சமையலறைக் கதவில் பென்சிலால் கோடு போடச் சொல்கிறாள். இன்னும் மூன்று விரல் பாக்கி.